தெரிந்தவர் ஏன் வாய் திறப்பதில்லை? வேலைத்தளத்தில் பேசுவது பற்றி ஓர் எளிய விளக்கம்

நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்தது கொழும்பில், புறக்கோட்டைக்குப் பக்கத்தில் இருந்த ஓர் இறக்குமதி நிறுவனத்தில். அப்போது எனக்கு வயது இருபத்திமூன்று. கப்பலில் வரும் சரக்குகளின் ஆவணங்களைச் சரிபார்ப்பது என் வேலை. துறைமுகத்தில் ஒரு கொள்கலன் இறங்கினால், அதை எடுக்கச் சில நாட்கள் இலவசமாகத் தருவார்கள். அதைத் தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் டெமரேஜ் கட்ட வேண்டும்.

ஒரு வியாழக்கிழமைக் கூட்டம். எங்கள் மூன்று கொள்கலன்களுக்கு இன்னும் இரண்டு இலவச நாட்கள் மிச்சம் இருந்தன. திங்கட்கிழமை போயா, பௌர்ணமி விடுமுறை. சனி, ஞாயிறு, போயா மூன்றும் கணக்கில் சேராது என்று எங்கள் முகாமையாளர் நினைத்திருந்தார். சேரும் என்று எனக்குத் தெரியும். முந்தின வாரம்தான் அந்தக் கப்பல் கொம்பனியின் நிபந்தனைகளை வரிவரியாக வாசித்திருந்தேன். "செவ்வாய்க்கிழமை எடுத்தால் போதும்" என்றார் அவர். அறையில் எட்டுப் பேர் இருந்தோம். நான் என் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

மூன்று கொள்கலன்களுக்கும் டெமரேஜ் கட்டினோம். "இது ஒருத்தருக்குமே தெரியாதா?" என்று பிறகு கேட்டார். அப்போதும் நான் சொல்லவில்லை. இப்போது சொன்னால், அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே!

பல வருடங்களுக்குப் பிறகு, வேறோர் இடத்தில் நான் ஒரு பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தேன். கூட்டத்தில் நான் பேசும்போது என் முன்னால் இருந்தவர்கள் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பதைக் கண்டேன். அவர்களுக்கு என்ன தெரியும், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்ற கவலை அன்றைக்குத்தான் எனக்கு வந்தது. இந்தக் கட்டுரை அந்தக் கவலையைப் பற்றியது.

முகாமைத்துவம் படிப்பவர்கள் இதை "ஊழியர் குரல்" என்பார்கள். பொருள் எளியது. வேலையைப் பற்றித் தனக்குத் தெரிந்த ஒன்றை, அதை மாற்றக்கூடிய இடத்தில் இருப்பவரிடம், யாரும் வற்புறுத்தாமல் ஓர் ஊழியர் எடுத்துச் சொல்வதுதான் அது. "இதை இப்படிச் செய்தால் சுகமாக இருக்கும்" என்பது ஒரு வகை. "இது பிழை, இப்படியே விட்டால் நட்டம் வரும்" என்பது இன்னொரு வகை. இரண்டாவதுதான் கஷ்டம், ஏனென்றால் அந்தப் பிழை பெரும்பாலும் யாரோ ஒருவருடைய பிழை. பல நேரம் அந்த ஆள் நமக்கு மேலே இருப்பவர். தேத்தண்ணி குடிக்கப் போகும்போது பக்கத்து மேசைக்காரரிடம் புலம்புவது குரல் ஆகாது, அது உரிய இடத்துக்குப் போய்ச் சேருவதில்லை. ஆனால் அந்தப் புலம்பலை நான் குறைவாக நினைக்கமாட்டேன். விஷயம் ஊழியர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

துணிச்சல் இல்லாததாலா?

"எங்கட பெடியள் பயந்தவங்கள், கூட்டத்தில் வாயே திறக்கமாட்டாங்கள்" என்று பல பொறுப்பாளர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இதை என்னால் ஒத்துக்கொள்ள முடிவதில்லை. அதே பெடியன் காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் மிச்சக் காசு தராத நடத்துனரோடு நின்று வாதாடுவான். கூட்ட அறைக்குள் வந்ததும் அவனுடைய துணிச்சல் எங்கே போனது? எங்கேயும் போகவில்லை. அறைக்குள் அவன் ஒரு கணக்குப் பார்க்கிறான், அவ்வளவுதான்.

பேசினால் வரும் நன்மை எப்போதோ வரும், வராமலும் போகும், வந்தாலும் எல்லோருக்கும் பொதுவாகத்தான் வரும். பேசியதால் வரும் கெடுதி உடனே வரும், தனக்கு மட்டும் வரும். தகுதிகாண் காலம் இன்னும் முடியவில்லை. சம்பள உயர்வு இந்த மாதம்தான் முடிவாகிறது. வீட்டுக் கடனுக்கு வங்கிக்குக் கொடுக்க ஒரு கடிதம் இதே முகாமையாளரிடம்தான் வாங்க வேண்டும். பேசாமல் இருந்ததற்காக யாரையும் யாரும் திட்டியதில்லை. இத்தனையும் ஒரு நொடியில் மனதுக்குள் ஓடி முடிகிறது, பிறகு கண் குறிப்புப் புத்தகத்துக்குப் போய்விடுகிறது. ஆகவே "துணிந்து பேசுங்கள்" என்று ஊழியருக்குச் சொல்லிக்கொண்டே இருப்பதில் பெரிய பலன் கிடையாது. அந்தக் கணக்கை மாற்ற வேண்டும், அதை மாற்றும் அதிகாரம் மேலே இருப்பவரிடம்தான் இருக்கிறது.

1990களில் அமெரிக்காவில் ஏமி எட்மன்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தார். நன்றாக வேலை செய்யும் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கெடுத்துப் பார்த்தால் தலைகீழாக இருந்தது. நல்ல குழுக்களில்தான் பிழைகள் கூடுதலாகப் பதிவாகியிருந்தன. அது எப்படி? அந்தக் குழுக்களில் இருந்த தாதியர் பிழைகளை மறைக்காமல் சொன்னார்கள். மற்றக் குழுக்களில் பிழைகள் நடந்தும் வெளியே வரவில்லை. இதிலிருந்துதான் "உளப் பாதுகாப்பு" என்ற கருத்தை அவர் வளர்த்து, 1999இல் விரிவாக எழுதினார். பிழையைச் சொன்னாலோ, தெரியாது என்றாலோ, மறுத்துப் பேசினாலோ அதற்காக என்னை அவமானப்படுத்தமாட்டார்கள் என்று ஒரு குழுவில் உள்ளவர்கள் பொதுவாக நம்புவதுதான் உளப் பாதுகாப்பு. யாரும் யாரையும் கண்டிக்கக்கூடாது, எல்லோரும் இனிக்க இனிக்கப் பேச வேண்டும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. கடுமையான விஷயத்தையும் பேச முடிகிற இடம் அது.

உங்கள் பிரிவில் ஆறு மாதமாக ஒரு பிழையும் யாரும் சொல்லவில்லை என்றால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் சந்தோஷப்படமாட்டேன்.

மரியாதையாகச் சொல்வதில் உள்ள ஆபத்து

1977 மார்ச் 27ஆம் திகதி, ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவின் விமான நிலையம் பனிமூட்டத்தில் மூடிக் கிடந்தது. கே.எல்.எம். விமானத்தின் தலைமை விமானி, புறப்படுவதற்கான அனுமதி வராமலே ஓடுபாதையில் விமானத்தை ஓட்டத் தொடங்கினார். அதே ஓடுபாதையில் பான் ஆம் விமானம் ஒன்று மெதுவாக வந்துகொண்டிருந்தது. வானொலியில் கேட்டதை வைத்து, பின்னால் இருந்த விமானப் பொறியியலாளருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்த விமானம் இன்னும் விலகவில்லையா என்று கேட்டார். விலகிவிட்டது என்று தலைமை விமானி உறுதியாகப் பதில் சொன்னார். அதற்கு மேல் பொறியியலாளர் எதுவும் சொல்லவில்லை. இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள்.

அவர் பேசாமல் இருக்கவில்லை, பேசினார். ஆனால் கேள்வியாகக் கேட்டார். "நிறுத்துங்கள், அந்த விமானம் பாதையில் இருக்கிறது" என்று சொல்லவில்லை. இதைப் போன்ற விபத்துகளுக்குப் பிறகு விமான நிறுவனங்கள் பயிற்சியையே மாற்றின. கீழே இருப்பவருக்குத் தெளிவாகப் பேசவும், தலைமை விமானிக்கு அதைக் கேட்கவும் சேர்த்தே கற்றுக்கொடுத்தன. இரண்டாவது பாதி இல்லாமல் முதல் பாதியால் பலன் இருந்திருக்காது.

நம்முடைய பேச்சு வழக்கில் இந்தக் கேள்வி வடிவம் ஊறிப்போனது. "சேர், அதை ஒருக்கா பார்த்தால் நல்லம்போல இருக்கு" என்று ஒருவர் சொல்கிறார். அவர் மனதில் இருப்பது, "இது பிழை, இன்றைக்கே திருத்த வேண்டும்." கேட்பவர் காதில் விழுவது, "நேரம் கிடைக்கும்போது பாருங்கள்." மரியாதைதான் அவரை அப்படிப் பேச வைக்கிறது, அந்த மரியாதையிலேயே விஷயம் கரைந்துபோகிறது. உறவுமுறை வைத்து அழைப்பதும் இதில் சேரும். மூத்தவரை அண்ணா, அக்கா என்று கூப்பிடுவதால் கந்தோரில் ஒரு வீட்டுச் சூழல் வருகிறது, எனக்கு அது பிடிக்கும். ஆனால் அண்ணாவை எட்டுப் பேர் முன்னால் எப்படிப் பிழை என்று சொல்வது? வீட்டில் சொல்லாததை இங்கேயும் சொல்லமாட்டோம். இதை உணர்ந்த ஓர் அண்ணா, "தம்பி, நான் சொன்னதில் எங்கே பிழை வரும்?" என்று தானே கேட்டுவிடுவார். அப்படிக் கேட்டுவிட்டால், பிழையைச் சொல்வதே மரியாதை ஆகிவிடும்.

எந்த மொழியில் பேசுவது?

கொழும்பில் இதைப் பற்றி எழுதிவிட்டு மொழியைத் தொடாமல் போக முடியாது. பல கந்தோர்களில் கூட்டம் ஆங்கிலத்தில் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் சிங்களத்துக்குப் போகும். தமிழ் நடைபாதையிலும் சாப்பாட்டு மேசையிலும் நின்றுவிடும். ஹட்டனில் இருந்தோ வவுனியாவில் இருந்தோ வந்த ஒரு பிள்ளைக்கு நல்ல யோசனை ஒன்று தமிழில் வருகிறது. அதை ஆங்கிலத்தில் ஒரு வசனமாகக் கட்டி, இலக்கணம் சரியா என்று மனதுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்ப்பதற்குள் கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போய்விடும். பிழையாகப் பேசினால் யோசனையை விட்டுவிட்டு இங்கிலிசைப் பார்த்துச் சிரிப்பார்களோ என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். மாத்தறையில் இருந்து வந்த சிங்களப் பெடியனுக்கும் இதே கஷ்டம்தான், நான் கண்ணால் கண்டிருக்கிறேன். வருட இறுதி மதிப்பீட்டில் இருவருக்கும் "முன்வந்து பேசுவதில்லை" என்று எழுதப்படுகிறது. அநியாயமான வரி அது. அவர்களிடம் சொல்வதற்கு விஷயம் நிறைய இருந்தது.

1987இல் இலங்கை அரசியலமைப்புக்கு வந்த 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. ஆனால் ஒரு தனியார் நிறுவனத்தின் கூட்டத்தில் எந்த மொழி ஓடுகிறது என்பதை அங்கே தலைமை தாங்குபவர்தான் தீர்மானிக்கிறார். அதை மாற்றுவதற்குச் செலவும் இல்லை. பேசப்போகும் விஷயத்தை முதல் நாளே அனுப்பிவிட்டால் வசனம் கட்ட நேரம் கிடைக்கும். கூட்டத்தின் தொடக்கத்தில் இரண்டு நிமிடம் கொடுத்து, விரும்பிய மொழியில் தாளில் எழுதச் சொல்லலாம். நான் செய்து பார்த்ததில் மிகவும் உதவியது, "தமிழிலேயே சொல்லுங்கள், நான் மற்றவர்களுக்குச் சொல்கிறேன்" என்ற ஒரே வசனம்தான். இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் எப்படியும் அறையில் இருப்பார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2009க்கு முன்பு கொழும்பில் வளர்ந்த எங்களுக்கு வீட்டில் திரும்பத் திரும்பக் கிடைத்த அறிவுரை, "கண்ணில் படாமல் போய்ட்டு வா" என்பதுதான். அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தேவைக்கு மேல் வாய் திறக்காமல் பழகியவர்கள் நாங்கள். அந்தப் பழக்கம் வேலைத்தளத்திலும் கூடவே இருக்கிறது. நான் ஒரு குறையைச் சொன்னால் அது வேலையைப் பற்றிய குறையாக எடுக்கப்படுமா, ஒரு தமிழ் ஆளின் குறையாக எடுக்கப்படுமா என்று யோசித்துத் தயங்கியவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். ஒரு பொறுப்பாளர் இதைத் தெரிந்துவைத்திருப்பது அவசியம் என்று நினைக்கிறேன்.

ஒருவர் பேசிய பிறகு வரும் முதல் ஐந்து நிமிடம்

நான் பொறுப்பில் இருந்த பிரிவுக்கு மட்டக்களப்பில் இருந்து ஒரு பிள்ளை புதிதாக வந்தா. சேர்ந்து மூன்றாவது வாரம், நான் தயாரித்த செலவுக் கணக்கில் ஒரு கூட்டல் பிழை இருக்கிறது என்று எல்லோர் முன்னாலும் சொன்னா. சரியாகத்தான் சொன்னா. "அதை நான் பார்த்துக்கொள்வேன், உங்கள் வேலையைப் பாருங்கள்" என்றேன். குரலைக்கூட உயர்த்தவில்லை. அதற்குப் பிறகு நான்கு மாதம், அந்தப் பிள்ளை மட்டும் இல்லை, பிரிவில் இருந்த ஒன்பது பேரில் ஒருவரும் என் கணக்கில் எதையும் சுட்டிக்காட்டவில்லை. ஒருவருக்குக் கொடுக்கும் பதிலை மற்ற எல்லோரும் தங்களுக்கான பதிலாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

கடைசியில், அதே போன்ற ஒரு கூட்டத்தில், அதே ஆட்கள் முன்னால் சொன்னேன்: "அன்றைக்கு நீங்கள் காட்டிய பிழை சரி. நான் பதில் சொன்ன விதம் பிழை." தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் அவவுக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். அடுத்த வாரம் அவ சின்ன விஷயம் ஒன்று கொண்டுவந்தா. சரக்கு வெளியே போகும்போது ஒரே விவரத்தை இரண்டு படிவங்களில் எழுதுகிறோம், ஒன்று போதும் என்றா. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு படிவத்தை நிறுத்தினோம். அதற்கடுத்த வாரம் ஸ்டோர்ஸில் இருந்த ஒருவர், பன்னிரண்டு வருடமாக அங்கே இருப்பவர், லொறிகள் காலையில் ஏன் ஒரு மணித்தியாலம் காத்து நிற்கின்றன என்று சொன்னார். பன்னிரண்டு வருடத்தில் அவரிடம் யாரும் கேட்டதில்லையாம்.

டொயோட்டா தொழிற்சாலைகள் பலவற்றில் வேலை ஓடும் வரிசைக்கு மேலே ஒரு கயிறு இருக்கும். ஏதாவது பிழையாகத் தெரிந்தால் எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். இழுத்ததும் குழுத் தலைவர் அந்த இடத்துக்கு வருவார், என்னவென்று சேர்ந்து பார்ப்பார். குறித்த தூரத்துக்குள் தீர்க்க முடியாவிட்டால் வரிசை நின்றுவிடும். இலங்கையில் பலர் இந்தக் கயிற்றைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார்கள், ஏனென்றால் வேலைத்தளத்தை ஒழுங்காக வைக்கும் ஜப்பானிய ஐந்து எஸ் முறையும், வேலையைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டே போகும் கைசென் முறையும் இங்கே நன்றாகப் பரவியிருக்கின்றன. ஆனால் கயிற்றை மட்டும் கொண்டுவந்து கட்டினால் அதை யாரும் இழுக்கமாட்டார்கள். இழுத்தவுடன் ஒருவர் வர வேண்டும், "ஏன் இழுத்தாய்" என்று முறைக்காமல் வர வேண்டும். கயிறு வேலை செய்வது அதனால்தான்.

பல கந்தோர்களின் வாசலில் தொங்கும் யோசனைப் பெட்டி பயன்படாமல் போவதும் இதே காரணத்தால்தான். உள்ளே போட்ட தாளுக்கு என்ன ஆனது என்று போட்டவருக்குத் தெரியவராது. இரண்டு தடவை பதில் வராவிட்டால் மூன்றாவது தடவை யாரும் எழுதமாட்டார்கள். எல்லா யோசனைக்கும் ஆம் சொல்லத் தேவையில்லை. "இதைச் செய்ய முடியாது, வரிச் சட்டத்தில் இப்படி இருக்கிறது" என்று காரணத்தோடு வரும் மறுப்பை ஆட்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். பதிலே வராமல் இருப்பதைத்தான் அவர்கள் மறப்பதில்லை.

கேட்கும் கேள்வியிலும் கவனம் வேண்டும். கூட்டத்தின் முடிவில், எழும்பும் நேரத்தில், "ஏதாவது சொல்ல இருக்கா?" என்றால் ஒருவரும் சொல்லமாட்டார்கள். "இந்த வாரம் எந்த வேலையை இரண்டு தரம் செய்ய வேண்டி வந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். அப்புறம், தலைவர் தன் கருத்தைக் கடைசியில் சொல்ல வேண்டும். முதலில் சொல்லிவிட்டால், மற்றவர்களுக்குத் தலையாட்டுவது மட்டும்தான் மிச்சம்.

பேச நினைப்பவருக்கு

மேலே இருப்பவர் மாறும்வரை காத்திருக்க எல்லோராலும் முடியாது, ஆகவே ஊழியர் பக்கமும் கொஞ்சம் சொல்கிறேன். மேலாளருடைய பிழை என்றால் முதலில் தனியாகச் சொல்லலாம். ஆனால் யாருக்காவது காயமோ ஆபத்தோ வரும் என்றால் அந்த இடத்திலேயே, அந்த நேரமே சொல்ல வேண்டும். தீர்வு கிடைத்த பிறகு சொல்லலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். பிரச்சினையை மட்டும் கொண்டுவந்தாலும் அது உதவிதான். இரண்டு பேருக்கு ஒரே விஷயம் தெரிந்திருந்தால் சேர்ந்து போங்கள். கதைத்த பிறகு, "இன்றைக்குப் பேசியது இதுதான்" என்று இரண்டு வரி மின்னஞ்சலில் போட்டுவிடுங்கள்.

அந்த வியாழக்கிழமை நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: "சேர், இந்தக் கொம்பனியின் நிபந்தனையில் சனி, ஞாயிறு, போயா மூன்றும் கணக்கில் சேரும். சனியோடு இலவச நாள் முடிகிறது. செவ்வாய் எடுத்தால் ஒரு கொள்கலனுக்கு மூன்று நாள் டெமரேஜ் வரும். நாளைக்கே எடுக்க லொறிக்குச் சொல்லட்டுமா?" மரியாதை குறையவில்லை, விஷயமும் கரையவில்லை. யாருடைய பிழை என்ற பேச்சே அதில் இல்லை.

லஞ்சம், பாலியல் தொல்லை போன்றவை இந்த வகையில் சேராது. அவற்றை யோசனை சொல்வது போலப் பதமாகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, சட்டம் இருக்கிறது. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, 1995இன் திருத்தத்துக்குப் பிறகு, வேலைத்தளத்தில் நடக்கும் பாலியல் தொல்லையையும் குற்றம் என்கிறது. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழலுக்கு எதிரான சட்டத்தில் தகவல் தருபவருக்குப் பாதுகாப்பு இருக்கிறது. தொழிற்சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை வேலையில் இருந்து நீக்குவதை, கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்துக்கு 1999இல் வந்த திருத்தம் தடுக்கிறது. தொழில் பிணக்கு என்றால் நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் திணைக்களத்துக்குப் போகலாம்.

பேசாதவர்கள் என்ன செய்கிறார்கள்?

பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் ஒரு விஷயத்தைக் காட்டினார். ஓர் அமைப்பு கெட்டுப்போகும்போது அதில் இருப்பவருக்கு முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு: குரல் கொடுப்பது, அல்லது விட்டுப் போவது. போவது சுலபமானால் குரல் குறையும். முதலில் போகிறவர்கள் பெரும்பாலும் எதையாவது திருத்தியிருக்கக் கூடியவர்கள். 2022இல் மட்டும் இந்த நாட்டில் இருந்து 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். அவர்களைப் போக வைத்தது பொருளாதார நெருக்கடி, சந்தேகமே இல்லை. ஆனால் எங்கள் பிரிவில் இருந்து போன மூன்று பேரோடும் கடைசி நாளில் உட்கார்ந்து கதைத்தேன். எதை மாற்ற வேண்டும் என்று ஒவ்வொருவரும் ஒரு மணித்தியாலம் சொன்னார்கள். அத்தனையும் அவர்கள் இருந்த காலத்திலேயே செய்திருக்கக்கூடிய விஷயங்கள். அந்தக் கதையை ஏன் கடைசி நாளில் மட்டும் கேட்கிறோம் என்று எனக்கு மிகவும் மனம் நொந்தது.

உங்கள் அடுத்த கூட்டம் திங்கட்கிழமை என்றால், வெள்ளிக்கிழமை பின்னேரமே ஒரு கேள்வியைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். ஒரே ஒரு கேள்வி போதும். திங்கட்கிழமை, கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவரிடம் முதலில் கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல, அவர் முன்னாலேயே உங்கள் கையால் எழுதிக்கொள்ளுங்கள். எந்த நாளில் பதில் சொல்வீர்கள் என்று சொல்லி, அந்தத் திகதியையும் பக்கத்தில் எழுதுங்கள்.